கொசுவுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா: டெங்குவை எப்படித் தடுக்கிறது, எங்கே சறுக்குகிறது

கேள்வி இதுதான்: டெங்கு பரப்பும் கொசுக்களையே வளர்த்து, அவற்றுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைப் புகுத்தி ஊருக்குள் பறக்கவிடுகிறார்கள்; அதனால் டெங்கு குறைகிறதாம். அது எப்படி? ஓரிடத்தில் பலித்தது இன்னோரிடத்தில் ஏன் தோற்கிறது? மலேரியாக் கொசுவிடமும் மற்றப் பூச்சிகளிடமும் இதைச் செய்ய முடியுமா?

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதில் புரியும். வோல்பாக்கியாவுக்கு டெங்குவைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. பூச்சியின் உயிரணுவுக்குள் மட்டுமே வாழும் அந்த பாக்டீரியா, தாயின் கருமுட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். விந்தணுவில் அதற்கு இடமில்லை. எனவே ஆண் கொசுவுக்குள் இருக்கும் வோல்பாக்கியாவுக்கு வாரிசு கிடையாது. தன்னைச் சுமக்கும் பெண் கொசுக்கள் ஊரில் பெருகுவதற்கு எது உதவுமோ, அதை மட்டுமே இயற்கைத் தேர்வு அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. வைரஸ் தடைபடுவது அந்தப் பிழைப்பின் பக்கவிளைவு.

1924-இல் ஹெர்டிக், வோல்பாக் என்ற இருவர் க்யூலெக்ஸ் கொசுவின் சினைப்பையில் இதைக் கண்டார்கள். நெடுங்காலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறு வேறு ஊர்களிலிருந்து வந்த க்யூலெக்ஸ் கொசுக்களைச் சேர்த்தால் சில சேர்க்கைகளில் முட்டை பொரிப்பதே இல்லை என்பதை 1950-களில் லாவன் விரிவாக ஆராய்ந்தார். அந்த மலட்டுத்தன்மைக்குக் காரணம் இந்த பாக்டீரியாதான் என்று 1971-இல் யென், பார் இருவரும் காட்டினார்கள்.

நடப்பது இது. வோல்பாக்கியா உள்ள ஆணின் விந்தணு உருவாகும்போதே அதற்குள் ஒரு நஞ்சு வைக்கப்படுகிறது. அந்த விந்தணு பாக்டீரியா இல்லாத கருமுட்டைக்குள் நுழைந்தால், தந்தைவழிக் குரோமோசோம்கள் சரியாகச் சுருண்டு பிரிய முடியாமல் முதல் உயிரணுப் பிரிவிலேயே கரு இறந்துவிடும். கருமுட்டையில் அதே வகை வோல்பாக்கியா இருந்தால் அங்கேயே முறிவு மருந்தும் இருக்கிறது, கரு பிழைக்கும். ஆகவே பாக்டீரியா உள்ள பெண் எந்த ஆணோடு சேர்ந்தாலும் முட்டை பொரிக்கும், குஞ்சுகள் அத்தனையும் பாக்டீரியாவோடு பிறக்கும். பாக்டீரியா இல்லாத பெண்ணுக்கோ, சேரும் ஆண் தவறானதாக அமைந்தால் இட்ட முட்டை அத்தனையும் வீண். இந்த நஞ்சையும் முறிவையும் உண்டாக்கும் மரபணுக்கள் 2017-இல்தான் அடையாளம் காணப்பட்டன.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் களத்தில் நடப்பது விளங்கும். கொசுக்களில் 40 விழுக்காட்டில் வோல்பாக்கியா இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியாவைச் சுமப்பதால் பெண்ணுக்கு முட்டையிடும் திறனில் 10 விழுக்காடு இழப்பு. சுமக்கும் பெண்களின் பங்கு 0.4 × 0.9 = 0.36. சுமக்காத பெண்கள் 0.6, அவர்கள் சேரும் ஆண்களில் 40 விழுக்காடு ‘தவறான’ ஆண்கள், ஆக 0.6 × 0.6 = 0.36. அடுத்த தலைமுறையில் சரிபாதி, அதாவது 50 விழுக்காடு. அதற்கடுத்த தலைமுறையில் 64, பிறகு 82, பிறகு 96. இப்போது 5 விழுக்காட்டிலிருந்து தொடங்குங்கள்: 0.05 × 0.9 = 0.045; மறுபக்கம் 0.95 × 0.95 = 0.9025. பங்கு 4.75 ஆகக் குறைகிறது. தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்து காணாமல் போய்விடும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வரம்பு இருக்கிறது. மேலே போட்ட எளிய கணக்கில் அந்த வரம்பு இழப்பின் அளவேதான்: 10 விழுக்காடு இழப்பு என்றால் 10 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். நிஜத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து பாக்டீரியா இல்லாத ஊர்க் கொசுக்கள் (‘காட்டுக் கொசுக்கள்’) வந்துகொண்டே இருக்கும், சில முட்டைகளுக்கு பாக்டீரியா போய்ச் சேராது. எனவே வரம்பு 20, 30 என்று ஏறும். ‘கொஞ்சம் விட்டுப் பார்ப்போம்’ என்பது இந்த வேலையில் எடுபடாது. வரம்பைத் தாண்டும் வரை விட வேண்டும். தாண்டியபின் நிறுத்தலாம், மீதியை பாக்டீரியா பார்த்துக்கொள்ளும்.

வைரஸை எப்படித் தடுக்கிறது என்பதற்கு ஒரே காரணம் கிடையாது. வைரஸ் பெருகத் தேவைப்படும் கொலஸ்ட்ரால் போன்ற கொழுப்புப் பொருள்களை பாக்டீரியா முன்னதாகவே எடுத்துக்கொள்கிறது. புதிதாகக் குடியேறிய பாக்டீரியாவைக் கண்டு கொசுவின் நோயெதிர்ப்பும் விழித்துக்கொள்கிறது. எதுவாயினும், உடலில் பாக்டீரியா எவ்வளவு அடர்த்தியாக, எந்தத் திசுக்களில் இருக்கிறது என்பதே முக்கியம். இதற்குச் சான்று ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற கொசு. அந்தக் கொசுவுக்குள் இயற்கையாகவே இரண்டு வகை வோல்பாக்கியா உண்டு. ஆனாலும் அது டெங்கு பரப்புகிறது. நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்து இருவரும் ஒத்துப்போய்விட்டார்கள், பாக்டீரியா பெரும்பாலும் சினைப்பையோடு அடங்கிவிடுகிறது. டெங்குவைப் பெரிதும் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி என்ற கொசுவுக்கோ இது புது விருந்தாளி. உமிழ்நீர்ச் சுரப்பி வரை பரவி நிறைந்துவிடுவதால் டெங்கு, ஜிகா, சிக்குன்குனியா மூன்றும் தடுமாறுகின்றன.

அந்த விருந்தாளியை உள்ளே சேர்ப்பதுதான் கடினமான வேலை. கொசு முட்டை இட்டவுடன் வெள்ளையாக இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் கறுத்து ஓடு இறுகிவிடும். சாம்பல் நிறம் தட்டும் நேரத்தில், ஓடு இறுகுமுன், ஊசி போட்டாக வேண்டும். முட்டைகளை ஒரே திசையில் வரிசையாக ஒட்டி, உள்ளழுத்தத்தால் திரவம் பீறிடாமல் இருக்கச் சிறிது உலரவிட்டு, எண்ணெயால் மூடி, மெல்லிய கண்ணாடி ஊசியைப் பின்முனையில் செலுத்துவார்கள். பின்முனையில் ஏன்? பிற்காலத்தில் சினைப்பையாகப் போகும் உயிரணுக்கள் அங்கேதான் உருவாகின்றன. பாக்டீரியா அங்கே போகாவிட்டால் அந்த ஒரு கொசுவோடு கதை முடிந்துவிடும். உலர்த்தியது கூடினால் முட்டை சுருங்கிச் சாகும், குறைந்தால் ஊசித் துளை வழியே உள்ளதெல்லாம் வெளியே வந்துவிடும். ஆயிரக்கணக்கில் குத்தினால் ஒன்றிரண்டு வம்சம் தேறும்.

பிழைத்த பெண் கொசுக்களைத் தனித்தனியே முட்டையிடவிட்டு, பிறகு தாயை, பாக்டீரியாவின் டிஎன்ஏ இருக்கிறதா என்று காட்டும் பிசிஆர் சோதனைக்கு அனுப்புவார்கள். பாக்டீரியா இருந்த தாயின் பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டு, எல்லாக் குஞ்சுகளுக்கும் அது போய்ச் சேரும் வரை பல தலைமுறை இப்படியே. பழ ஈயிலிருந்து எடுத்த பாக்டீரியாவைக் கொசுவுக்குப் பழக்க, முதலில் கொசு உயிரணு வளர்ப்பில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வளர்த்தெடுக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஸ்காட் ஓ’நீலின் குழு 2009-இல் ஏடிஸ் எஜிப்டிக்குள் நிலைநிறுத்திய ‘மெல்பாப்’ வகை அப்படி வந்ததுதான். இதில் கொசுவின் மரபணுவிலோ பாக்டீரியாவின் மரபணுவிலோ கைவைப்பதில்லை. ஒரு பூச்சியில் இருந்ததை இன்னொரு பூச்சிக்கு மாற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

மெல்பாப் ஒரு நல்ல பாடம். அது கொசுவின் ஆயுளைப் பாதியாக்கும். வைரஸ் கொசுவின் வயிற்றிலிருந்து உமிழ்நீருக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கொசு செத்தால் டெங்கு பரவாது. காகிதத்தில் அற்புதமான யோசனை. ஆனால் இழப்பு அவ்வளவு பெரிதாக இருந்தால் வரம்பும் அவ்வளவு உயரும் என்பதை மேலே பார்த்தோம். போதாக்குறைக்கு அதன் முட்டைகள் உலர்ந்த நிலையில் சில வாரங்கள்கூடத் தாங்கவில்லை. ஏடிஸ் இனத்தின் பெரிய பலமே மழை வரும் வரை மாதக்கணக்கில் காத்திருக்கும் முட்டைதான். வியட்நாமின் ட்ரி நுயென் தீவிலும் வட ஆஸ்திரேலியாவிலும் விட்டார்கள். விடும்வரை விகிதம் ஏறியது, நிறுத்தியதும் சரிந்து மறைந்தது.

அதனால் இழப்பு குறைவான ‘மெல்’ வகைக்கு மாறினார்கள். 2011-இல் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகருக்கு அருகே யார்க்கீஸ் நாப், கோர்டன்வேல் என்ற இரண்டு ஊர்களில் சில வாரங்களில் ஏறக்குறைய 3 லட்சம் கொசுக்களை விட்டபின், சில மாதங்களில் அங்கிருந்த ஏடிஸ் எஜிப்டிகளில் பெரும்பாலானவை வோல்பாக்கியாவைச் சுமந்தன. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த சோதனை இன்னும் கறாரானது: நகரத்தை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 12-இல் மட்டும் விட்டார்கள். 2021-இல் வெளியான முடிவின்படி டெங்கு 77 விழுக்காடு, மருத்துவமனையில் சேர வேண்டிய டெங்கு 86 விழுக்காடு குறைந்தது. கொசுக்கள் பகுதி விட்டுப் பகுதி பறக்கும், மனிதர்களும் நாள் முழுக்க ஒரே பகுதியில் இருப்பதில்லை. இவ்வளவு கலப்புக்கு நடுவே வந்த எண் என்பதால் உண்மைப் பலன் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.

யோக்யகர்த்தாவில் கையாண்ட முறை எளிமையானது. மூடி போட்ட சிறு வாளி, அதன் பக்கவாட்டில் துளைகள், உள்ளே தண்ணீர், புழுக்களுக்குத் தீனி, நூறு நூற்றைம்பது முட்டைகள் ஒட்டிய ஒரு பட்டை. முட்டை பொரித்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுக்கள் துளை வழியே தாமாகப் பறந்துபோகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரும் பட்டையும் மாற்ற வேண்டும். இவ்வளவு எளிய சாதனத்திலும் சறுக்கல்கள் உண்டு. வாளி வெயிலில் இருந்தால் புழுக்கள் வெந்துபோகும். எறும்பு ஏறினால் முட்டைப் பட்டை காலி. தீனி குறைந்தாலோ புழுக்கள் நெருங்கிக் கிடந்தாலோ வெளிவரும் கொசு சிறுத்திருக்கும். சிறுத்த ஆண் போட்டியில் தோற்கும், சிறுத்த பெண் குறைவாக முட்டையிடும். விடுவதற்கு முன் வீடுகளில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிக் காட்டுக் கொசுவைக் குறைத்தால் அதே எண்ணிக்கைக்கு விகிதம் வேகமாக ஏறும். விடும் காலத்தில் புகை மருந்து அடித்தால் விட்ட காசு புகையோடு போகும்.

மருந்து என்றதும் ரியோ டி ஜெனீரோவின் டூபியாகாங்கா பகுதி நினைவுக்கு வருகிறது. அங்கே முதல் முயற்சி தோற்றது. ஆய்வகத்தில் வளர்த்த கொசுக்கள் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகளுக்கு எளிதில் சாகக்கூடியவை. ஊர்க் கொசுக்களோ வீட்டுக்கு வீடு அடிக்கும் மருந்தில் பழகித் தேறியவை. பாக்டீரியா எவ்வளவு சமர்த்தாக இருந்தாலும், சுமக்கும் கொசு கொல்லைப்புறத்திலேயே செத்துவிட்டால் என்ன பயன்? உள்ளூர் எதிர்ப்புத்திறன் கலந்த கொசுக்களை விட்டபின்தான் நிலைத்தது. இதற்கு வழி, வோல்பாக்கியா உள்ள பெண்களை உள்ளூர் ஆண்களோடு தலைமுறை தலைமுறையாகச் சேர்ப்பது. ஒருமுறை சேர்த்தால் உள்ளூர் மரபு 50 விழுக்காடு, இருமுறை 75, மும்முறை 87.5, ஐந்து முறை ஏறக்குறைய 97. பாக்டீரியா தாய்வழியில் வருவதால் அது மட்டும் குறையாது. ஆனால் ஆய்வகக் கூண்டில் மருந்து இல்லாமலே பல தலைமுறை வளர்த்தால் எதிர்ப்புத்திறன் மெல்ல நழுவும். அவ்வப்போது ஊர் ஆண்களைக் கொண்டுவந்து கலக்க வேண்டும்.

அடுத்த எதிரி வெப்பம். மெல் வகை 26 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் தண்ணீரில் வளரும் புழுக்களில் பெருமளவு அழிந்துவிடுகிறது. அடர்த்தி குறைந்தால் வைரஸ் தடையும் குறையும், பிள்ளைகளுக்குப் போவதும் தடைபடும். அல்போபிக்டஸ் கொசுவிலிருந்து எடுத்த ‘ஆல்ப்-பி’ வகை இதே வெப்பத்தை நன்றாகத் தாங்குகிறது. கோலாலம்பூர் வட்டாரத்தில் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒரு காரணம். ஆனால் அதற்கும் ஒரு குறை: நெடுநாள் உலர்ந்து கிடந்த முட்டையிலிருந்து வரும் பெண்களில் பலவற்றுக்கு முட்டையிடும் திறனே இருக்காது. வெயில் கொளுத்தும் இடத்துக்கு ஆல்ப்-பி. நீண்ட வறட்சி உள்ள இடத்தில் அதுவும் தயங்கும். 2018 நவம்பரில் கெய்ன்ஸில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியபோது மெல் வகையின் விகிதம் இறங்கி, பிறகு மீண்டது. ஒருமுறை குறைந்ததைப் பார்த்துவிட்டுப் பதற வேண்டியதில்லை, அடுத்த சில மாத மாதிரிகளையும் பார்க்க வேண்டும்.

பரப்பளவையும் பலர் தவறாகக் கணிக்கிறார்கள். ஏடிஸ் எஜிப்டி சோம்பேறிக் கொசு. அகலமான சாலையைக் கடக்கவே யோசிக்கும். கெய்ன்ஸ் நகரில் வோல்பாக்கியா ஆண்டுக்கு 100 முதல் 200 மீட்டர்தான் நகர்ந்தது. அங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு நெருக்கமான பகுதியில் விட்டது ஊன்றிப் பரவியது, 0.11 சதுர கிலோமீட்டர் துண்டில் விட்டது சுற்றிலும் இருந்து வந்த காட்டுக் கொசுக்களால் கரைந்துபோனது. நாலு தெருவுக்கு மட்டும் செய்து பார்ப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவது.

விகிதத்தை அளப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கொசுப் பொறியில் விழுந்த கொசுக்களை வோல்பாக்கியாவின் எல்லா வகையையும் காட்டும் பொதுவான பிரைமரால் (பிசிஆர் சோதனையில் தேடும் டிஎன்ஏவைப் பிடிக்கும் சிறு துண்டு) சோதித்தால், அல்போபிக்டஸ் கொசுவும் ‘உண்டு’ என்று காட்டும். ஏனென்றால் அதற்குள் எப்போதும் உண்டு! திட்டம் தோற்றுக்கொண்டிருக்கும்போதே அறிக்கையில் 70 விழுக்காடு என்று வரும். விட்ட வகைக்கே உரிய பிரைமர், கூடவே எஜிப்டி இனத்தை உறுதிசெய்யும் ஒரு சோதனை, டிஎன்ஏ உண்மையிலேயே வந்திருக்கிறதா என்று காட்டும் கொசுவின் சொந்த மரபணு ஒன்று என மூன்றும் வேண்டும். மூன்றாவது இல்லாவிட்டால், பொறியில் பல நாள் வெயிலில் கிடந்து டிஎன்ஏ சிதைந்த கொசுவும் ‘இல்லை’ என்ற கணக்கில் சேர்ந்துவிடும்.

இதுவரை சொன்னது ஊர்க் கொசுவை மாற்றி வைக்கும் வழி. ஆண்களை மட்டும் விட்டு எண்ணிக்கையைக் குறைக்கும் வழியும் உண்டு. 1967-இல் லாவன் பர்மாவின் ஓக்போ கிராமத்தில் க்யூலெக்ஸை அப்படித்தான் ஒடுக்கினார், சிங்கப்பூர் 2016 முதல் ஏடிஸ் எஜிப்டி மீது செய்கிறது. ஆண் கடிக்காது என்பதால் மக்களுக்கும் மறுப்பில்லை. ஆனால் விடுவதை நிறுத்தினால் கொசு திரும்ப வரும், செலவு முடியாது. அதைவிட ஆபத்து, ஆண்களோடு தப்பித் தவறிப் போகும் பெண்கள். கூட்டுப்புழுவில் பெண் பெரிது, ஆண் சிறிது. சல்லடை வைத்துப் பிரிப்பார்கள். ஆயிரத்தில் ஒன்றிரண்டு நழுவினால்கூட, அந்தப் பெண்கள் அதே வோல்பாக்கியாவை ஊரில் நட்டுவிடுவார்கள். காட்டுக் கொசு மிகவும் குறைந்துவிட்ட ஊரில் அந்தச் சில பெண்களே வரம்பைத் தாண்டிவிடுவார்கள். பிறகு விடும் ஆண்கள் எல்லாம் பொருந்தும் ஆண்களாகிவிடுவார்கள், திட்டம் முடிந்தது. அதனால்தான் கூட்டுப்புழுக்களுக்கு லேசான கதிர்வீச்சு கொடுக்கிறார்கள்: அந்த அளவில் பெண் மலடாகும், ஆணின் துடிப்பு பெரிதாகக் குறையாது.

மலேரியாவுக்கு வருவோம். அனாபிலிஸ் ஸ்டெபென்சிக்குள் ஆல்ப்-பி வகையை 2013-இல் நிலைநிறுத்தினார்கள். ஆனால் அனாபிலிஸ் குடலிலும் சினைப்பையிலும் ஏற்கெனவே குடியிருக்கும் அசாயா என்ற பாக்டீரியா, வோல்பாக்கியா பிள்ளைகளுக்குப் போவதைத் தடுக்கிறது. ஆன்டிபயாட்டிக் கொடுத்து அசாயாவைக் குறைத்தால் வழி திறக்கிறது. பழைய குடித்தனக்காரர் புதியவரை விடுவதில்லை. ஆகவே மலேரியாவில் வேறு பாதைகளுக்கே எனக்கு நம்பிக்கை அதிகம். ஸ்பெயினில் ஓர் ஆய்வகத்தின் கொசுக் கூட்டத்தில் மலேரியாக் கிருமி திடீரென வளராமல் போனது. காரணத்தைத் துருவியபோது டெல்ஃப்டியா சுருஹடென்சிஸ் என்ற குடல் பாக்டீரியா சிக்கியது. அது சுரக்கும் ஹார்மேன் என்ற சிறு மூலக்கூறு கிருமியை ஒடுக்குகிறது என்று 2023-இல் வெளியிட்டார்கள். சர்க்கரைத் தண்ணீரில் கலந்து கொடுத்தாலே குடலில் தங்கிவிடும். ஆனால் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தானாகப் போகாது, ஒவ்வொரு தலைமுறைக்கும் மறுபடி ஊட்ட வேண்டும்.

மற்றப் பூச்சிகளில் உறவு இன்னும் நெருக்கமானது, காரணம் சாப்பாடு. வாழ்நாள் முழுக்க இரத்தம் மட்டுமே குடிக்கும் பூச்சிக்கு பி வகை வைட்டமின்கள் போதாது. அவற்றைச் செய்துகொடுப்பவை உள்ளிருக்கும் பாக்டீரியாக்கள்தாம். கொசு புழுப் பருவத்தில் தண்ணீரில் நுண்ணுயிர்களைத் தின்று வளர்வதால் அதற்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஆப்பிரிக்கத் தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈயிடம் விக்கிள்ஸ்வொர்த்தியா இருக்கிறது. இந்த ஈ முட்டையிடுவதில்லை. ஒரு நேரத்தில் ஒரே புழுவை வயிற்றுக்குள் வைத்துப் பால் போன்ற சுரப்பு ஊட்டி வளர்க்கிறது, அந்தப் பாலோடு பாக்டீரியாவும் போகிறது. பாக்டீரியாவை அழித்தால் ஈ மலடாகும். மலட்டு ஆண்களை விட்டு ஈயை ஒழிக்க லட்சக்கணக்கில் வளர்க்கும் கூடங்களில் இது அன்றாடப் பிரச்சினை: இரத்தம் கொடுத்த மாட்டுக்கு அண்மையில் ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டிருந்தால் ஈக்களுக்குக் கேடு நேரும். அதனால் மருந்து போடாத மாட்டின் இரத்தத்தை வாங்கி, அதில் வந்துசேரும் கிருமிகளைக் கதிர்வீச்சால் கொல்வார்கள். மருந்து கலந்து சுத்தம் செய்யலாம் என்று யாராவது நினைத்தால் கூட்டம் முழுவதும் போய்விடும்.

தென் அமெரிக்காவில் சாகஸ் நோய் பரப்பும் ரோட்னியஸ் என்ற இரத்தம் குடிக்கும் பூச்சியின் பாக்டீரியா ரோடோகாக்கஸ். குஞ்சுகள் பெரியவற்றின் எச்சத்திலிருந்து அதைப் பெறுகின்றன. கிடைக்காவிட்டால் தோலுரித்து வளர்வது நின்றுபோகும். இந்தப் பழக்கத்தையே பயன்படுத்தி, நோய்க்கிருமியைக் கொல்லும் செக்ரோபின் என்ற புரதத்தைச் சுரக்கும்படி மாற்றிய பாக்டீரியாவைப் போலி எச்சத்தில் கலந்து ஊட்டும் முறையை 1990-களிலேயே உருவாக்கினார்கள். ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்தது. மரபணு மாற்றிய பாக்டீரியாவை வீட்டுச் சுவரிடுக்குகளில் விடுவதில்தான் தயக்கம்.

கடைசியாக, அடிக்கடி குழம்பும் இரண்டு. வோல்பாக்கியா கொசு கடித்தால் நமக்கு அந்த பாக்டீரியா வருமா? வராது, உயிரணுவுக்கு வெளியே அது வாழாது, கொசுவின் உமிழ்நீரோடு வெளியேறுவதும் இல்லை. பழ ஈ, வண்ணத்துப்பூச்சி எனப் பூச்சியினங்களில் பெரும்பங்கு ஏற்கெனவே அதைச் சுமந்துகொண்டுதான் நம்மைச் சுற்றிப் பறக்கிறது. இரண்டாவது, யானைக்கால் நோய் பற்றிப் படிக்கும்போது வரும் வோல்பாக்கியா. அங்கே பாக்டீரியா இருப்பது நோயுண்டாக்கும் புழுவுக்குள், அந்தப் புழுவால் அது இல்லாமல் வாழ முடியாது. அதனால் மருத்துவர்கள் டாக்ஸிசைக்ளினை நான்கு முதல் ஆறு வாரம் கொடுத்து பாக்டீரியாவைக் கொல்கிறார்கள்; புழு முதலில் மலடாகி, பிறகு மெல்ல மெல்லச் சாகிறது. லோவா லோவா என்ற கண்புழுவுக்குள் வோல்பாக்கியா கிடையாது. அதனால் அதனிடம் இந்த மருந்து செல்லாது.